பெட்டியடிப் பையனும் செவ்வாய்க் கிரகத்து இட்லிக் கடையும்

பள்ளிகளில் பிரிவு உபசார விழாக்கள் முடிந்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் மாதம் இது. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதையே சுற்றி வந்ததால், கவுனி அரிசி பற்றி வந்த இரண்டு கேள்விகளையும் ஆத்தங்குடிக் கல் பற்றி வந்த ஒன்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் வருகிற ஜூன் மாதம் பள்ளிப் படிப்பை முடிக்கிறான். வகுப்பு மலரில் போடுவதற்காக அவன் ஓர் உயில் எழுதியிருக்கிறானாம். இருபது ஆண்டு கழித்து அவன் செவ்வாய்க் கிரகத்தில் இட்லிக் கடை வைத்திருப்பான் என்று கூட்டாளிகள் வேறு எழுதியிருக்கிறார்களாம். பதினெட்டு வயதுப் பிள்ளை உயில் எழுதலாமா? மனசு கேட்கவில்லை.
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

ஆச்சி, அந்த உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எவரும் எடுத்துச் செல்லப் போவதில்லை. தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் படிக்கிறார்கள். கடைசி ஆண்டு மாணவரை அங்கே 'சீனியர்' என்பார்கள். மே, ஜூன் மாதங்களில் அவர்கள் விடைபெறும்போது ஆண்டு மலர் வெளியிடுவது வழக்கம். அந்த மலரில் வேடிக்கைக்கென்று உயில் எழுதுவதும், வகுப்புத் தோழர்களின் எதிர்காலத்துக்கு ஆரூடம் சொல்வதும், வாழ்க்கையில் வெற்றி பெறக்கூடியவர் இன்னார் என்று வாக்களித்துப் பட்டம் கொடுப்பதும் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றன.

அந்த உயிலில் எழுதப்படும் சொத்துகளைத் தாங்கள் கேட்டால் சிரித்துவிடுவீர்கள். திறக்க மறுக்கும் ஓர் அலமாரிக் கதவு, சன்னலோரத்து இருக்கை, வீட்டுப் பாடத்தைப் பேருந்திலேயே எழுதி முடிக்கும் கைத்திறன் ஆகியவற்றைச் சுயநினைவுடனும் பூரண சம்மதத்துடனும் தனக்குப் பின் வரும் மாணவருக்கு எழுதி வைப்பார்கள். காலணாப் பெறாத பொருளுக்குக் சொத்துப் பத்திரத்தின் மொழியைப் பயன்படுத்துவதில்தான் வேடிக்கை இருக்கிறது. இந்த நகைச்சுவை வேறு எவருக்குப் புரியாவிட்டாலும் நம் செட்டிநாட்டுப் பக்கத்தவர்களுக்குப் புரிய வேண்டும். ஒரே வீட்டின் முகப்பிலும் வளவிலும் இரண்டாங்கட்டிலும் எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, எத்தனை பங்கு என்று பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் ஓர் ஓட்டைப் பித்தளை அண்டாவுக்காக மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்த பங்காளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இட்லிக் கடையைப் பற்றியும் வருந்த வேண்டாம். பேரன் மதிய உணவுப் பெட்டியைத் திறந்த நாள்களை அந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். அடுத்த முறை அவன் தொலைபேசியில் அழைக்கும்போது, தங்கள் மனகோலப் பலகாரச் சம்படத்தை அந்த உயிலில் யார் பெயருக்கு எழுதியிருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் அப்பச்சி (தகப்பனார்) பதினான்கு வயதில் பர்மாவுக்கு, வட்டிக் கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர். அன்று விழாவும் இல்லை, வேடிக்கைப் பேச்சும் இல்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பெரியவர்கள் தீர்மானித்த அந்த முறையில் குழப்பம் குறைவு அல்லவா?
– ஒரு முதிய வாசகர், கோட்டையூர்

குழப்பம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து, மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய பையனுக்கு வட்டிக் கணக்கு மனத்திலேயே ஓடும். அந்தத் தகுதியோடு அவன் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ போவான். கடையைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்து, சொன்ன இடத்துக்கு ஓடி, கணக்குப் பெட்டியின் அருகில் அமர்ந்து தொழிலைக் கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள் என்னும் உதவியாளன் ஆவான். கெட்டிக்காரனாக இருந்தால் கடையை நடத்தும் ஏஜெண்டாகவும் உயர்வான். மூன்றாண்டுத் தவணைக்கு எழுதப்படும் சம்பளச் சீட்டில் அவனுடைய எதிர்காலம் முழுவதும் அடங்கிவிடும். ஆரூடம் சொல்லத் தோழர்கள் எதற்கு? ஆரூடம்தான் கையெழுத்தாகி மடிக்குள் இருந்ததே.

ஆனால் அந்த எழுத்தும் பலிக்கவில்லை என்பதைத் தங்கள் குடும்பம் என்னைவிட நன்கு அறிந்திருக்கும். 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பர்மாவின் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியாமல் போனது. கொடுத்த பணம் நிலமாக வந்து சேர்ந்தது. அந்த நிலத்தை வாங்க ஆளில்லை. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். பேரேடு எழுதத் தெரிந்த மிகக் கவனமான மனிதர்கள் போட்ட கணக்கே அப்படிப் பொய்த்ததென்றால், பதினேழு வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சொல்லும் ஆரூடத்தின் மீது கோபப்பட எனக்கு மனமில்லை. செவ்வாய்க் கிரகத்து இட்லிக் கடை வராமல் போனால் எவருக்கும் வட்டி நட்டமில்லை.

வேடிக்கைப் பேச்சே இல்லை என்பதையும் நான் நம்பவில்லை. கடைகள் இயங்கிய ஒரே கிட்டங்கிக் கட்டடத்தில் வரிசையாகப் பெட்டி போட்டு அமர்ந்திருந்த பையன்கள், மேலாளின் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலா மூன்றாண்டுகளைக் கழித்திருப்பார்கள்? அப்பச்சி வீட்டில் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. தங்கள் கேள்வியில் அப்பச்சி இருக்கிறார், ஆத்தாவைக் காணவில்லை. பெண் பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டுகூட இல்லை. திருமணத்தன்று பரப்பி வைப்பதற்காகச் சிறு வயதிலிருந்தே சேர்த்து வைத்த சாமான்களின் பட்டியலே அவர்களுடைய எதிர்காலமாக இருந்தது. 1947இல் வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும், 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்த வறண்ட மண்ணுக்கு வரவழைத்ததும், கல்வியையும் வேலையையும் பற்றி மட்டும் எடுத்த முடிவுகள் என்று நான் நினைக்கவில்லை. 1953இல் அந்த ஆய்வகம் திறக்கப்பட்ட பிறகு, காரைக்குடியில் ஒரு சிறுமி "நான் விஞ்ஞானியாகி அடுத்த தெருவிலேயே வேலை பார்ப்பேன்" என்று சொன்னால், அதை விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், மெய்யாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

கடைசித் தேர்வு முடிந்ததும் சட்டையில் மை தெளித்துக்கொள்வது சரியா?
– ஒரு மாணவர், புதுவயல்

சட்டையைத் துவைப்பவரிடம் முதலில் அனுமதி பெறுங்கள். அவர் சம்மதித்தால் தெளிப்பதைவிட, ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி வாங்குவது மேல். பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் மைக்கறையில் யாருடைய முகமும் தெரியாது. சாலையில் போகிறவர் மீது ஒரு துளி பட்டாலும் இந்த அனுமதி செல்லாது.

எங்கள் வகுப்பில் 42 பேர் இருக்கிறோம். விழா மேடையில் எல்லாருடைய எதிர்காலத்தையும் வேடிக்கையாகச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். யார் மனமும் புண்படாமல், சிரிப்பும் வரும்படி எப்படிச் சொல்வது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

ஒருவர் செய்கிறதைத் தொடலாம். அவர் எப்படி இருக்கிறார் என்பதைத் தொடக் கூடாது. தாமதமாக வருவது, தூங்குவது, பேனாவை இரவல் வாங்குவது, அடுத்தவர் பொட்டலத்துப் பணியாரத்தில் பங்கு கேட்பது இவையெல்லாம் பொதுச் சொத்து. நிறம், உயரம், திக்குவாய், தகப்பனாரின் தொழில், குடியிருக்கும் தெரு ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். மதிப்பெண்ணையும் விட்டுவிடுங்கள். முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் கைவிட்டுவிட்டது. அதை நீங்கள் மேடையில் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை.

வடிவத்துக்கு வெளியூரில் தேட வேண்டாம், ஐந்தொகையாக, நம் பழைய வரவு செலவுக் கணக்காக, எழுதிப் பாருங்கள். பிள்ளையார் சுழி போட்டு, வரவு, செலவு, நிலுவை என்று கணீரென்ற குரலில் வாசித்தால் பாதிச் சிரிப்பு அந்தத் தோரணையிலேயே வந்துவிடும். மாதிரிக்குச் சில வரிகள்:

"இரவல் வாங்கிய பேனா வரவு 117, திருப்பிக் கொடுத்த வகையில் செலவு 4, நிலுவை 113. மேற்படி நிலுவைக்குரியவர் எதிர்காலத்தில் பேனாத் தொழிற்சாலை தொடங்கி, வட்டியும் முதலுமாக அடைப்பார். இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் முதல் மணிக்கு வராதவர் பல்லவன் விரைவு ரயிலின் ஓட்டுநராவார். அன்று முதல் விடியற்காலை வண்டி காரைக்குடியிலிருந்து மதியம் புறப்படும். இயற்பியல் வகுப்பில் தலை மேசையில் விழும் ஒலியாலேயே புவியீர்ப்பு விசையை நிரூபித்தவர் மெத்தைத் தொழிற்சாலையின் ஆய்வுத் தலைவராவார். இந்தக் கணக்கை எழுதியவர் கணக்குப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை முன்னிட்டு, மேற்கண்ட எண்கள் எதற்கும் பொறுப்பேற்க மாட்டார்."

கடைசி வரியை மறக்காமல் சேருங்கள். அடுத்தவரைச் சொல்லும் உரிமை, தன்னைச் சொல்லிக்கொண்டவருக்கே உண்டு. விழாவுக்கு முந்தைய நாள் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியைக் காட்டுங்கள். வியப்புக் குறைந்துவிடுமே என்று தோன்றும், குறையாது. தன் வரி வரப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பவர் அடக்க முடியாமல் சிரிப்பதைக் கண்டு மண்டபம் முழுவதும் சிரிக்கும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். தமிழாசிரியராக இருந்த காலத்தில் இப்படியொரு விழாவில், செய்யுள் மனப்பாடம் ஆகாத ஒரு மாணவனைப் பார்த்து, "இவன் மாடு மேய்த்தாவது பிழைத்துக்கொள்வான்" என்று ஆரூடம் சொன்னேன். மண்டபமே சிரித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்தவர் அவர்தான். இருபது மாடுகள் வைத்து நன்றாகவே இருக்கிறார். "ஐயா சொன்னது பலித்துவிட்டது" என்றார். நான் சிரிக்கத் தொடங்கியபோது, "அன்றைக்கு எங்கள் அப்பாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மாடு மேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்" என்று சொல்லிப் பாத்திரத்தை நீட்டினார். எனக்குப் பேச வாய் வரவில்லை. பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லாப் பள்ளிகளிலும் பிரிவு விழா என்றால் அந்த ஒரே பழைய பாட்டைப் பாடுகிறார்களே, சலிக்கவில்லையா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

எந்தப் பாட்டு என்று சொல்லாமலே எனக்கும் தெரிகிறது, படிப்பவர்களுக்கும் தெரிகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. 1963இல் வந்த அந்தத் திரைப்படத்தில் கல்லூரியை விட்டுப் பிரியும் மாணவர்களுக்காக அதை எழுதியவர் நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். அவர் பள்ளியில் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். கல்லூரிப் பிரிவைப் பாடக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும் என்று எவராவது அவருக்கு அன்று சொல்லியிருந்தால், நம் விழாக்கள் இன்று ஊமையாக நடந்துகொண்டிருக்கும்.

என் மகனுடைய தோழர்களின் ஆட்டோகிராஃப் ஏடுகளில் மருத்துவர், கலெக்டர், விமானி என்று ஆளுக்கொன்று எழுதியிருக்க, இவன் மட்டும், "நீங்கள் எல்லாரும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுங்கள். நான் உங்கள் நாற்பது வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டு காவல்காரனாக இருப்பேன்" என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறான். இலட்சியமே இல்லாத பிள்ளையாகிவிட்டானே என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு தாய், பள்ளத்தூர்

அம்மா, எனக்கு வந்த எதிர்காலங்களிலேயே ஊரை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு எழுதப்பட்டது இது ஒன்றுதான். பள்ளத்தூரில் மாலையில் நடந்து போனால் எத்தனை முகப்புகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முன்னோர் வழிபாடான படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் ஒருபுறம். பங்காளிகள் ஒத்துவராமல் பூட்டியே கிடந்து, பிறகு தூண் தூணாகப் பிரிக்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் வீடுகள் மறுபுறம். பர்மாத் தேக்குத் தூணுக்கு விலை கேட்டு வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதே ஊர்களில் சில வீடுகள் பழுது பார்க்கப்பட்டு விடுதிகளாகி, வெளிநாட்டவர் பட்டாலையில் அமர்ந்து வெள்ளைப் பணியாரம் சாப்பிடுவதும் நடக்கிறது. மழை பெய்தால் எந்த வளவில் தண்ணீர் நிற்கும், எந்த ஓடு உடைந்திருக்கிறது, எந்தப் பூட்டு எந்தச் சாவிக்கு மசியும் என்று அறிந்த ஒருவர் நாற்பது வீட்டுக்குக் கிடைத்தால், அதற்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அவர் சும்மா விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம். இலட்சியம் என்று இப்போதே பிடித்துக்கொண்டு அவரை நீங்கள் விசாரிக்க வேண்டாம். ஆனாலும் நாற்பத்தொன்றாவது சாவியாக எங்கள் வீட்டுச் சாவியையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்கட்டுக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் இரண்டு முறை திருப்ப வேண்டும்.