ஸ்போர்ட்ஸ் காரா, மசில் காரா? கேள்வி பதில்

பன்னிரண்டு வருடம் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டினேன், சின்ன, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார். இப்போது ஏழு வருடமாக 2007 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 4.6 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), அதாவது பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க மசில் கார். இரண்டு பக்கமும் இருந்தவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை: உங்கள் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்கியர்: சார், புது எம்எக்ஸ்-5 181 ஹெச்பி. 2018 மஸ்டாங் ஜிடி 460 ஹெச்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சார் இல்லை, அக்கா. எடையையும் சேர்த்துப் பாருங்கள். எம்எக்ஸ்-5 ஏறக்குறைய 1,060 கிலோ, அந்த மஸ்டாங் ஏறக்குறைய 1,700 கிலோ. டன்னுக்கு என்று வகுத்தால் முதலாவதுக்கு 170 ஹெச்பி, இரண்டாவதுக்கு 270. அப்படி வகுத்தாலும் மஸ்டாங்தான் முன்னால். நேர்சாலையில் எம்எக்ஸ்-5 அதைப் பிடிக்காது. அதில் சண்டையே வேண்டாம்.

ஆனால் அந்த 460 ஹெச்பியையும் ஒரே மிதியில் கேட்டால் சில நொடிகளில் வேக வரம்பு தாண்டிவிடும். அப்புறம் காலை எடுத்தே ஆக வேண்டும். காரில் பாதிக்கு மேல் எப்போதும் மிச்சம் கிடக்கும். எம்எக்ஸ்-5இல் ரெட்லைன் (இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பு) வரை இழுத்து, கியர் மாற்றி, மறுபடி இழுத்து, வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி கீழ் கியருக்கு வந்து, இவ்வளவும் செய்து முடித்த பிறகு மீட்டரைப் பார்த்தால் யாரும் கோபப்படாத ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். கார் முழுவதையும் பயன்படுத்தியிருப்பீர்கள்.

மசில் காரின் சுகம் வேறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வி8 உறுமும்போது ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம் கைக்கு வரும். நெடுஞ்சாலையில் மேல் கியரில், 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருப்போம். முந்த வேண்டுமென்றால் கியர் இறக்க வேண்டியதில்லை, கால் கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும். அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இன்னும் விற்கவில்லை. ஆக, எது பெரிது என்று பார்க்காதீர்கள், உங்கள் சாலை எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

இரண்டுபிள்ளைக்காரர்: மனைவி, இரண்டு பிள்ளைகள். எம்எக்ஸ்-5 சரிவருமா?

இரண்டே சீட். யாரை விட்டுவிட்டுப் போவது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டிலும் பின்சீட் என்று ஒன்று உண்டு, பை வைக்கலாம். மஸ்டாங்கில் சின்னப் பிள்ளைகள் உட்காரலாம். டாட்ஜ் சேலஞ்சரில் பெரியவர்களே உட்காரலாம்.

வேகப்பிரியன்: இரண்டில் எது வேகம்?

முதல் பதில்.

புதுலைசென்ஸ்: அக்கா, லைசென்ஸ் எடுத்து நாலு மாதம் ஆகிறது. பழைய சேலஞ்சர் ஹெல்கேட் ஒன்று கைக்கு வருகிறது. எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. காரணத்தோடு சொல்கிறேன், கோபப்படாதே.

2015 மாடலாக அது வந்தபோது 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும்) இன்ஜின், 707 ஹெச்பி, எடை இரண்டு டன்னுக்கு மேல். செய்தவர்களே இரண்டு சாவி கொடுத்தார்கள். சிவப்புச் சாவியில்தான் முழுச் சக்தி, கறுப்புச் சாவியில் 500 ஹெச்பிதான் வரும். ‘குறைத்துக்கொடுக்கும்’ சாவியே ஐந்நூறு என்றால் யோசித்துக்கொள்.

இப்போது என் கதை. மஸ்டாங் வாங்கி மூன்றாவது வாரம். லேசான தூறல், ஒரு சந்திப்பில் திரும்புகிறேன், இரண்டாவது கியர். சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை நானே அணைத்து வைத்திருந்தேன், பன்னிரண்டு வருட அனுபவம் என்ற திமிர். கொஞ்சம் மிதித்ததும் பின்பக்கம் வலதுபக்கமாக நழுவியது. பயத்தில் சட்டென்று காலை எடுத்துவிட்டேன், அங்கேதான் தப்பு. காலை எடுத்ததும் சுற்றிக்கொண்டிருந்த பின் டயர்கள் திடீரென்று சாலையைப் பிடித்தன. அந்த நேரத்தில் முன் சக்கரங்கள் நான் திருப்பி வைத்திருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கார் சவுக்கு மாதிரி எதிர்ப்பக்கம் வீசியது. நடுத்தடுப்பில் ஏறி நின்றது, ஒரு ரிம் போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எதிரே வண்டி வராதது அதிர்ஷ்டம். கார் கண்காட்சியிலிருந்து வெளியே வரும்போது கூட்டத்துக்காக மிதித்துவிட்டுச் சுழலும் கார்களின் வீடியோ பார்த்திருப்பாய். அதில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான்.

அன்று இரவு டார்ச் அடித்து டயரைப் பார்த்தேன். பள்ளங்கள் ஆழமாக, புது டயர் மாதிரியே இருந்தன. பக்கச்சுவரில் 2709 என்றிருந்தது. 2009ஆம் ஆண்டின் 27ஆவது வாரம். அப்போது நடந்துகொண்டிருந்தது 2018. ஒன்பது வருட ரப்பர் கல்லாகியிருந்தது. விற்றவர் ‘டயர் தேயவே இல்லை’ என்று சொன்னது உண்மைதான், ஓடாத கார் அது.

முதல் கார் என்றால் சக்தி குறைந்த, எடை குறைந்த ஒன்று எடு. அதுவும் பின்சக்கரத்தில் ஓடுவதாக இருந்தால், வழுக்கல் எப்படி ஆரம்பிக்கிறது என்பது சின்ன வேகத்திலேயே இடுப்புக்குத் தெரியும். கார் சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ளதா என்று பார். அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து அது கட்டாயம். இருந்தால் அணைக்காதே.

இயற்பியல்வாத்தியார்: மேடம், எடை குறைந்த கார் வளைவில் நல்லது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். பிடிப்பு விசையிலும் நிறை இருக்கிறது, வளைவுக்கு வேண்டிய விசையிலும் நிறை இருக்கிறது. இரண்டு பக்கமும் அடித்துவிடலாம். ஒரே வளைவில் 1,000 கிலோவும் 2,000 கிலோவும் ஒரே வேகத்தில் போகும். ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்களின் கட்டுக்கதையை நீங்களும் நம்புகிறீர்களா?

இதற்குத்தான் காத்திருந்தேன், வாத்தியாரே. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு, உராய்வுக் குணகம் (டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்ற எண்) 0.9 என்றால் இரண்டு காருக்கும் மணிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர்தான் வரும். கணக்கு சரி. ஆனால் அந்தக் குணகம் மாறாது என்று வைத்துக்கொண்டீர்கள். ரப்பரில் அது மாறும். டயர் மேல் பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது.

புரிவதற்காக ஒரு கணக்கு, எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரு அச்சில் இரண்டு டயர், ஒவ்வொன்றிலும் 400 கிலோ, குணகம் 1. மொத்தப் பிடிப்பு 800. வளைவில் சாயும்போது உள் டயரில் 200, வெளி டயரில் 600 ஆகிறது. பாரம் குறைந்த டயருக்குக் குணகம் 1.05, கூடியதற்கு 0.95 என்று வையுங்கள். 210, 570, கூட்டினால் 780. ஒரு கிலோகூடக் கூடவில்லை, குறையவுமில்லை. பாரம் இடம் மாறியதிலேயே 20 போய்விட்டது. காரின் எடை கூடினாலும், ஈர்ப்பு மையம் உயர்ந்தாலும், இப்படி மாறும் பாரமும் கூடும்.

இயற்பியல்வாத்தியார்: அகலமான டயர் போட்டால் தீர்ந்தது. அதனால்தானே ஹெல்கேட்டுக்கு 275 மில்லிமீட்டர் டயர்?

ஆமாம். எம்எக்ஸ்-5இல் 195 அல்லது 205. அகல டயர் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுத்தரும், வாதத்தின் அந்தப் பாதியை உங்களுக்கே தருகிறேன். ஒரே சீராக வட்டம் அடித்துக்கொண்டே இருப்பதானால் நல்ல டயர் போட்ட கனமான காரும் அருமையாகப் போகும்.

டிராக்டேநாயகன்: அக்கா, நீங்களே ஒப்புக்கொண்டு விட்டீர்களே! பந்தயத் தடத்தில் கமாரோ எஸ்எஸ் 1எல்இ (செவ்ரோலேயின் தடத்துக்கான மசில் கார்) முன்னால் எம்எக்ஸ்-5 நிற்குமா?

நிற்காது. சுற்று நேரத்தில் கமாரோ ஜெயிக்கும். நேரத்தைப் பற்றி யார் பேசினார்கள்? வாத்தியார் எடைக்கு வேலையே இல்லை என்றார், நான் உண்டு என்கிறேன். எங்கே என்று கேளுங்கள்.

சாலை வட்டமாக இருப்பதில்லை. இடது, உடனே வலது, மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் காரைத் தன் அச்சில் சுழற்ற வேண்டும், பிறகு சுழல்வதை நிறுத்த வேண்டும். இரண்டு கையிலும் நிறைந்த வாளியை நீட்டிப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். பிறகு வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். முன்னால் தொங்கும் கனமான இன்ஜின் நீட்டிப் பிடித்த வாளி. எம்எக்ஸ்-5இல் இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், எடை முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப் பாதி. கூம்புகளை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து ஓட்டும் பயிற்சியில் என் இரண்டு கார்களையும் ஒரே நாளில் ஓட்டியிருக்கிறேன். மாஸ்டாவில் கூம்பைப் பார்த்துத் திருப்பினேன். மஸ்டாங்கில் அடுத்த கூம்பைப் பார்த்து முன்கூட்டியே திருப்ப வேண்டியிருந்தது. இது குணகத்தில் வராது.

பிரேக்கிலும் அதே கதை. மணிக்கு 100 கிலோமீட்டரில் 1,000 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோஜூல், 2,000 கிலோவுக்கு இரண்டு மடங்கு. நிற்கும் தூரம் ஒன்றாக இருக்கலாம், வாத்தியாரின் கணக்குப்படியே. ஆனால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்கும். தடத்தில் நாலாவது சுற்றில் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரை வரை போனால் ஏன் என்று புரியும். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த உத்தரவாதம் 155 டிகிரிதான். கனமான காரைத் தடத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் புது ஆயில் மாற்றிவிட்டுப் போங்கள். டயர் தேதியையும் பாருங்கள்.

இயற்பியல்வாத்தியார்: சுழற்சி நிலைமத்தை, அதாவது சுழற்றுவதை எதிர்க்கும் குணத்தை, விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கட்டுக்கதை என்றதை வாபஸ் வாங்குகிறேன். பாதி வாபஸ்.

பாதியே போதும்.

பழையஇரும்பு: 1970 வாக்கில் வந்த மசில் கார்களில் 400 ஹெச்பிக்கு மேலெல்லாம் எழுதியிருக்கிறதே. இன்றைய கார்களுக்கு இணைதானே?

அளவுகோல் வேறு. அன்று மேசை மேல் தனியாக வைத்த இன்ஜினில் அளந்தார்கள். ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், காரில் வரும் சைலன்சர் எதுவும் இழுக்காத நிலை. 1972 முதல் அதெல்லாம் மாட்டி அளந்த நிகரக் கணக்கு வந்தது. கொர்வெட்டின் எல்டி-1 இன்ஜின் 1971இல் 330 ஹெச்பி, 1972இல் 255. இன்ஜின் ஒரே வருடத்தில் இளைத்துவிடவில்லை. பழைய எண்ணைப் புது எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அழகுக்கு வாங்குங்கள், டிரம் பிரேக் என்றால் முன்னால் போகும் வண்டியிடமிருந்து நாலு மடங்கு தள்ளி ஓட்டுங்கள்.

அகராதி: மஸ்டாங் மசில் காரே இல்லை, அது போனி கார். நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்.

1964 போண்டியாக் ஜிடிஓ, நடுத்தர உடம்பில் 6.4 லிட்டர் இன்ஜின், அது மசில். அதே ஆண்டு ஏப்ரல் 17இல் வந்த மஸ்டாங்கின் (காட்டுக்குதிரை) பெயரிலிருந்தே போனி (சின்னக் குதிரை) என்ற வகை வந்தது. நீங்கள் சொல்வது சரி. ஆனால் வாங்க வருகிறவர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பார்க்கிறார், நானும் அப்படியே பேசுகிறேன்.

நடுவழி: இரண்டுக்கும் இடையில் ஒன்று இல்லையா?

2015 மாடலிலிருந்து வரும் மஸ்டாங். அதற்கு முன்னால், சில சிறப்பு மாடல்களைத் தவிர, பின்னால் ஒரே இரும்பு ஆக்சில்தான். என் காரும் அப்படித்தான். வளைவின் நடுவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து துள்ளும், பின்பக்கம் ஒரு அடி நகர்ந்து உட்காரும். 2015இலிருந்து எல்லா மஸ்டாங்கிலும் இரண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்போர்ட்ஸ் கார் பக்கமிருந்து வந்தால் 2022 ஜிஆர்86, டொயோட்டா 86இன் அடுத்த தலைமுறை. முந்தைய 2 லிட்டரில் நடு ஆர்பிஎம்மில் ஒரு தொய்வு உண்டு, 2.4 லிட்டர், 228 ஹெச்பி வந்ததும் அந்தக் குறை பெரும்பாலும் போயிற்று. இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

கூரைதிறப்பான்: முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க?

கதவுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள கீழ்ப்பட்டையை. துணிக்கூரையில் விழும் தண்ணீர் இறங்கச் சீட்டுக்குப் பின்னால் துளைகள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் அந்தப் பட்டைக்குள் தங்கும், உள்ளிருந்து துருப்பிடிக்கும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் இரும்பு இல்லை, துருவை மறைக்கப் பூசிய பட்டி. டயர் தேதி, சொல்ல வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ்குழப்பம்: எதற்கு பிரீமியம் குறைவு?

இன்சூரன்ஸ்காரரைக் கேளுங்கள். காரை வாங்கிய பிறகு அல்ல, முன்னால்.

நேர்கோடு: கடைசியாக ஒன்று, எது வேகம்?

யாராவது அவருக்கு முதல் பதிலைப் படித்துக்காட்டுங்கள்.

இயற்பியல்வாத்தியார்: மேடம், வாதத்துக்காக இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். என் கார் டயரில் 0814 என்று இருக்கிறது. அப்படியென்றால்?

2014, எட்டாவது வாரம். சாவியை இருந்த இடத்திலேயே வையுங்கள் வாத்தியாரே. நாளைக்கு வேறு வண்டியில் போங்கள்.