கிளவுட் ரோல்களை ஏஐ எழுதலாமா? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கத் தமிழர் சிலர் அனுப்பிய கேள்விகள். எல்லாமே ஏடபிள்யூஎஸ்ஸின் (அமேசானின் கிளவுட் சேவை) ஐஏஎம் ரோல்களை ஏஐ கோடிங் உதவியாளரை வைத்து எழுதுவது பற்றியவை. யார் எதைச் செய்யலாம் என்று தீர்மானிப்பது ஐஏஎம். ஒரு நிரலோ ஆளோ எடுத்துக்கொள்ளும் அனுமதித் தொகுப்பு ரோல். அந்த அனுமதிகளை எழுதி வைப்பது பாலிசி, அதில் வரும் ஒவ்வொரு செயலும் ஓர் ஆக்ஷன்.

சாட்ஸ்வொர்த், டர்பன்: அக்கா, லாம்டாவுக்கு (நம் கோடை ஓட்டித் தரும் சேவை) ஒரு ரோல் எழுதச் சொன்னால் ஒவ்வொரு முறையும் "எஸ்3 ஸ்டார், ரிசோர்ஸ் ஸ்டார்" (ஃபைல் சேமிப்பான எஸ்3யில் எல்லாச் செயலும், எல்லா இடத்திலும்) என்றே வருகிறது. எப்படிக் கேட்பது?

பதில்: "லாம்டாவுக்கு ரோல் எழுது" என்று மட்டும் சொன்னால், உங்கள் பக்கெட் (எஸ்3யில் ஃபைல்கள் இருக்கும் தொட்டி) எது, கோடு அதைப் படிக்கிறதா எழுதுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஓடினால் போதும் என்று அகலமாக எழுதிவிடும். கோடு ஃபைலைக் காட்டுங்கள். அக்கவுண்ட் எண், ரீஜன் (சர்வர்கள் இருக்கும் பகுதி), பக்கெட்டின் முழு ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸில் அதன் முழுப் பெயர்), கேஎம்எஸ் சாவி (குறியாக்கச் சாவி) உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். கூடவே இந்த நிபந்தனை: "ஒவ்வொரு அனுமதிக்கும் அதைக் கேட்கிற கோடு வரியின் எண்ணை எழுது. வரி காட்ட முடியாத அனுமதி வேண்டாம்." பாதி ஸ்டார் அங்கேயே உதிர்ந்துவிடும்.

வந்ததை அப்படியே ஏற்றிவிடாதீர்கள் தம்பி. எஸ்டிகேயில் (கோடு ஏடபிள்யூஎஸ்ஸை அழைக்க உதவும் நூலகம்) இருக்கிற பெயரெல்லாம் ஐஏஎம்மில் இருக்காது. ஹெட்ஆப்ஜெக்ட் என்று ஒரு கால் (அழைப்பு) உண்டு, ஆனால் அந்தப் பெயரில் ஐஏஎம் ஆக்ஷன் கிடையாது. கெட்ஆப்ஜெக்ட்தான் அதற்கும். லிஸ்ட்ஆப்ஜெக்ட்ஸ்வி2 காலுக்கு வேண்டியது லிஸ்ட்பக்கெட். இல்லாத பெயரை ஏஐ தயங்காமல் எழுதும், ஐஏஎம்மும் பேசாமல் சேமித்துக்கொள்ளும், ஓடும்போதுதான் அடி விழும். அதனால் ஆக்சஸ் அனலைசர் என்ற ஏடபிள்யூஎஸ் சோதனைக் கருவியின் வேலிடேட்-பாலிசி கமாண்டை முதலில் ஓட்டுங்கள். இல்லாத ஆக்ஷனை அது பிடித்துக் காட்டும்.

இன்னொன்று: லிஸ்ட்பக்கெட்டுக்குப் பக்கெட்டின் ஏஆர்என், கெட்ஆப்ஜெக்டுக்கு அதே ஏஆர்என்னோடு ஸ்லாஷ் ஸ்டார். இரண்டுக்கும் ஒரே ரிசோர்ஸ் வரியைப் போட்டால் ஒன்று வேலை செய்யாது. லிஸ்ட்பக்கெட் இல்லாத ரோல், இல்லாத ஃபைலைக் கேட்டால் 404 (ஃபைல் இல்லை) வராது, 403 (அனுமதி இல்லை) வரும். அதைப் பார்த்த ஏஐ "அனுமதி போதவில்லை" என்று கெட்ஆப்ஜெக்டை எல்லாப் பக்கெட்டுக்கும் திறந்துவிடும். உண்மையில் ஃபைல் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்திருக்கும்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்: பழைய ரோல்கள் எல்லாம் அட்மின். லாக்கைப் பார்த்துக் குறைக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஆக்சஸ் அனலைசர் கிளவுட்டிரெயிலில் (யார் என்ன செய்தார் என்ற பதிவேடு) அதிகபட்சம் 90 நாள் நடந்ததைப் பார்த்துப் பாலிசி வரைந்து தரும். ஏஐக்கு அதையே அடிப்படையாகக் கொடுங்கள். ஆனால் அதில் ஓட்டைகள் உண்டு. எஸ்3 ஃபைல்களைப் படித்தது, எழுதியது போன்ற டேட்டா ஈவென்ட்கள் அதில் வராது. ஐஏஎம் பாஸ்ரோலும் (ஒரு சேவையிடம் ரோலை ஒப்படைக்கும் அனுமதி) வராது. இவற்றைக் கோடைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

90 நாளும் ஏமாற்றும். நம் ஊரில் தனிநபர் வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது. அப்போது மட்டும் ஓடுகிற ரிப்போர்ட் ஜாப், ஆகஸ்டில் எடுத்த லாக்கில் தலைகாட்டாது. "பயன்படாதது" என்று ஏஐ வெட்டிவிடும், மார்ச்சில் சம்பளப் பிரிவு போன் செய்யும். வெட்டும் முன் லாஸ்ட் ஆக்சஸ்ட் (கடைசியாகப் பயன்பட்ட நாள்) விவரத்தைப் பாருங்கள், அது 400 நாள் வரை பின்னோக்கிக் காட்டும். வெட்டிய பிறகு இரண்டு வாரம் ஆக்சஸ் டினைட் (அனுமதி மறுப்பு) பதிவுகளைக் கவனியுங்கள்.

கேப் டவுன்: உதவியாளர் என் டெர்மினலிலேயே கமாண்ட் ஓட்டுகிறது. அதற்கு எந்தச் சாவியைக் கொடுப்பது?

பதில்: உங்கள் அட்மின் புரொஃபைலை மட்டும் கொடுக்காதீர்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிடும். ஒரு ரீட்மீ ஃபைலிலோ டேக்கிலோ யாரோ எழுதி வைத்த வரியைக்கூடக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடிய கருவி இது.

அதற்கென்று தனி ரோல், 1 மணி நேர செஷன். ரோல்களையும் பாலிசிகளையும் பார்க்க, வேலிடேட் செய்ய மட்டும் அனுமதி. இங்கே பலர் சறுக்குவது ரீட்ஒன்லிஆக்சஸ் என்ற தயார் பாலிசியில். பெயரைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள், ஆனால் அதில் எஸ்3 ஃபைல்களின் உள்ளடக்கத்தைப் படிக்கவும் அனுமதி இருக்கிறது. வாடிக்கையாளர் ஐடி நகல்கள் பக்கெட்டில் இருந்தால் அதுவும் திறந்துதான் கிடக்கும். மேலே சொன்ன அனுமதிகளை மட்டும் எழுதிய சொந்தப் பாலிசி போதும்.

மாற்றம் எதுவானாலும் டெராஃபார்ம் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி) ஃபைலில் எழுதட்டும், புல் ரிக்வெஸ்டாக (மாற்றத்தைப் பரிசீலிக்கக் கேட்கும் கோரிக்கை) வரட்டும், ஒரு மனிதர் படித்த பிறகு பைப்லைன் (மாற்றத்தைத் தானாக ஏற்றும் ஏற்பாடு) ஏற்றட்டும். அந்த பைப்லைன் ரோலுக்கும் கடிவாளம் வேண்டும். புது ரோல் உருவாக்கினால் குறிப்பிட்ட பர்மிஷன்ஸ் பவுண்டரி (ரோலின் அனுமதிக்கு உச்ச வரம்பு) இருந்தே ஆக வேண்டும் என்று கண்டிஷன் போடுங்கள், பவுண்டரியை நீக்குவதை டினை செய்யுங்கள். புல் ரிக்வெஸ்டில் கிரியேட்பாலிசிவெர்ஷன், அட்டாச்ரோல்பாலிசி, அப்டேட்அஸ்யூம்ரோல்பாலிசி, ஸ்டாருடன் பாஸ்ரோல் ஆகிய நான்கில் எதைக் கண்டாலும் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். இவற்றில் ஒன்று கையில் இருந்தாலே சின்ன ரோல் தன்னைத்தானே அட்மினாக்கிக்கொள்ள வழி பிறக்கும்.

எஸ்சிபி (நிறுவனத்தின் அக்கவுண்டுகளுக்கு மேலிருந்து போடும் வரம்பு) போட்டிருக்கிறோம், கவலையில்லை என்பவர்களுக்கு: மேனேஜ்மென்ட் அக்கவுண்டை (தலைமை அக்கவுண்ட்) எஸ்சிபி கட்டுப்படுத்தாது.

அம்ஹ்லாங்கா: கேப் டவுன் ரீஜனில் மட்டும் "செக்யூரிட்டி டோக்கன் செல்லாது" என்கிறது. ஏஐ புதுப் புது அனுமதியாகச் சேர்த்துக்கொண்டே போகிறது.

பதில்: சேர்த்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள், இது அனுமதிப் பிரச்சினையே இல்லை. 2020ல் திறந்த ஏஎஃப்-சவுத்-1 (கேப் டவுன் ரீஜன்), நாமே இயக்கிவிட வேண்டிய ரீஜன். பொதுவான எஸ்டிஎஸ் (தற்காலிக டோக்கன் தரும் சேவை) முகவரியில் வாங்கிய டோக்கன் வழக்கமாக அங்கே செல்லாது. எஸ்டிகேயைப் புதுப்பித்து, கேப் டவுனின் சொந்த எஸ்டிஎஸ் முகவரியிலிருந்து டோக்கன் வாங்குங்கள். (2006ல் வந்த ஈசி2 என்ற வாடகை சர்வர் சேவையை உருவாக்கிய குழு கேப் டவுனில்தான் இருந்தது. ரீஜன் வர 14 ஆண்டு ஆயிற்று!)

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கிளவுட்டிரெயில் லாக்கை அப்படியே ஏஐயில் ஒட்டலாமா? போப்பியா (தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) தடுக்குமா?

பதில்: அதில் ஐபி முகவரி இருக்கும். எஸ்எஸ்ஓ (ஒரே லாகின்) வழியாக வந்தவர்களின் ஈமெயில்கூட செஷன் பெயரில் இருக்கலாம். ஏஐ சர்வர் வெளிநாட்டில் என்றால் போப்பியாவின் 72ஆம் பிரிவு (தகவலை வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றியது) குறுக்கே வரும். பாலிசி எழுத ஈவென்ட் பெயர், சர்வீஸ், எரர் கோடு, ரிசோர்ஸ் ஏஆர்என் இந்த நான்கே போதும். மற்றதை ஜேக்யூ என்ற வடிகட்டும் கருவியால் வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஃபீனிக்ஸ், டர்பன்: பாலிசி 6,144 எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டது. "கெட் ஸ்டார்" (கெட் என்று தொடங்கும் எல்லாம்) என்று சுருக்கித் தருகிறது ஏஐ.

பதில்: சுருக்க விடாதீர்கள். இடைவெளிகள் அந்தக் கணக்கில் சேராது, அதை நீக்கிப் பயனில்லை. இரண்டு பாலிசியாகப் பிரிக்கலாம். ஆனால் தேவைக்கு மட்டும் எழுதிய பாலிசி இவ்வளவு நீண்டால், ஒரே ரோல் இரண்டு மூன்று வேலை பார்க்கிறது என்று அர்த்தம். ரோலைத்தான் பிரிக்க வேண்டும்.