ஆப்பிரிக்காவில் மலிவு விமானம் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது? கேள்வி பதில்

விமானங்களைக் குத்தகைக்கு விடும் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன், அதில் பாதிக் காலம் கிழக்கு ஆப்பிரிக்க நிறுவனங்களோடுதான் பேச்சுவார்த்தை. கேட்டவற்றில் முக்கியமானவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: அண்ணா, நம் ஊரில் 2003-ல் ஏர் டெக்கான் வந்தது, 2006-ல் இண்டிகோ வந்தது. ஆப்பிரிக்காவில் நம் அளவுக்கு ஜனத்தொகை இருக்கிறதே, அங்கே ஏன் ஒரு இண்டிகோ இல்லை?

ஜனத்தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். கோயம்புத்தூரிலிருந்து கவுகாத்தி வரை போக இன்னொரு அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டாம். அங்கே 54 நாடுகள். எந்த இரண்டு நாட்டுக்கு நடுவில் பறக்க வேண்டுமானாலும் அந்த இரண்டுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை சர்வீஸ், எந்த நிறுவனம் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். இந்தக் கதவைத் திறக்கத்தான் 1999-ல் ஐவரி கோஸ்டின் யமுசுக்ரோவில் ஒரு முடிவு எடுத்தார்கள், 44 நாடுகள் ஒப்புக்கொண்டன. அது காகிதத்திலேயே கிடந்ததால் 2018-ல் ஒற்றை வான் சந்தை என்று 23 நாடுகளோடு மறுபடி தொடங்கினார்கள். இன்றைக்கும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை, ஏனென்றால் நஷ்டத்தில் ஓடும் அரசு விமான நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் பல அரசுகளுக்கு இருக்கிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

கேள்வி: பாஸ்ட்ஜெட் என்று ஒன்று வந்ததே, என்ன ஆயிற்று?

நல்ல முயற்சி அது. 2012 நவம்பரில் தான்சானியாவில், ஐரோப்பாவின் மலிவு விமான நிறுவனமான ஈஸிஜெட்டைத் தொடங்கிய ஸ்டெலியோஸின் ஆதரவோடு ஆரம்பித்தார்கள். வரி சேர்க்காமல் 20 டாலரிலிருந்து டிக்கெட், எம்-பேசா என்ற செல்போன் பணச் சேவையில் பணம் கட்டலாம். முவான்சாவிலிருந்து தார்-எஸ்-சலாமுக்கு நாள் முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கினார்கள். பயணிகளில் மூன்றில் ஒருவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம் என்று நிறுவனம் சொன்னது.

ஆனால் திட்டம் தான்சானியாவோடு நிற்பதில்லை, கண்டம் முழுக்க ஒரே பெயரில் பறப்பது. அதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனிக் கம்பெனி, உள்ளூர்ப் பங்குதாரர், தனி உரிமம், தனி பாதுகாப்புச் சான்றிதழ். ஜோகன்னஸ்பர்க் சர்வீஸ் தொடங்கவே 2013 அக்டோபர் ஆகிவிட்டது. 150 இருக்கைக்கு மேல் உள்ள ஏர்பஸ் 319-ஐ நிரப்ப அந்த ரூட்டுகள் போதவில்லை, அப்புறம் சின்ன எம்ப்ரேயருக்கு மாறினார்கள். அதற்குள் தான்சானிய அரசு தன் சொந்த நிறுவனத்துக்குப் புது விமானங்கள் வாங்கி இறக்கியது. 2018 கடைசியில் அங்கே சேவை நின்றது. அனுமதி கையில் வருவதற்கு முன்பே பெரிய நிறுவனத்துக்கான செலவை ஏற்றிக்கொண்டதுதான் அவர்கள் செய்த தப்பு என்பது என் கருத்து.

கேள்வி: வரி அவ்வளவு பெரிய விஷயமா சார்?

மலிவு டிக்கெட்டுக்கு அதுதான் பெரிய விஷயம். தார்-எஸ்-சலாமில் வெளிநாடு கிளம்புகிறவரிடம் விமான நிலையக் கட்டணம் மட்டும் 40 டாலர் வாங்கினார்கள். டிக்கெட் 400 டாலர் என்றால் அது பத்தில் ஒரு பங்கு, 50 டாலர் என்றால் கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட். கம்பெனி எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் இந்தத் தொகையைத் தொட முடியாது.

எரிபொருளும் அப்படித்தான். மலாவியின் தலைநகர் லிலாங்வே மாதிரி கடல் இல்லாத ஊர்களுக்கு அது லாரியில் வந்து சேர வேண்டும், விலை ஏறிவிடும். ராத்திரி விளக்கில்லாத ஓடுபாதைகளும் நிறைய. மலிவு விமானம் பிழைக்க ஒரு நாளைக்கு 11, 12 மணி நேரமாவது பறக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் நிறுத்தினால் எங்கே கட்டுபடியாகும்?

கேள்வி: குத்தகைக்காரர்கள் ஆப்பிரிக்கா என்றால் வாடகையை ஏற்றுகிறார்கள் என்கிறார்களே?

ஏற்றுகிறோம், மறைக்கவில்லை. பணம் வராவிட்டால் விமானத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. 2001-ன் கேப் டவுன் உடன்படிக்கை இதற்காகவே வந்தது. அதில் சேர்ந்த நாடாக இருந்தாலும் உள்ளூர் நீதிமன்றம் அதன்படி நடக்குமா என்று பார்ப்போம். சந்தேகம் இருந்தால் அட்வான்ஸும் கூடும், வாடகையும் கூடும்.

இதைவிடப் பெரிய அடி நாணயத்தில் விழுகிறது. நைஜீரியாவில் டிக்கெட் விற்பது அவர்கள் நாணயமான நைராவில், வாடகை, இன்ஜின் பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் டாலரில். 2023 ஜூன் தொடக்கத்தில் அங்கே ஒரு டாலர் சுமார் 460 நைரா, 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தொட்டது. விமானம் நிரம்பி வழிந்தாலும் அந்த வருடக் கணக்கை யார் நேராக்க முடியும்?

கேள்வி: அப்போது யாருமே ஜெயிக்கவில்லையா?

தென்னாப்பிரிக்காவின் பிளைசாபேரைப் பாருங்கள். 2013-லேயே கிளம்ப வேண்டியது, வெளிநாட்டுப் பங்கு அதிகம் என்று போட்டிக் கம்பெனிகள் நீதிமன்றத்தில் தடை வாங்கின. பங்கை மாற்றி அமைத்து 2014 அக்டோபரில் பறந்தார்கள், இன்றும் பறக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் என்று உள்நாட்டிலேயே கூட்டம் உள்ள ரூட் கையில் இருந்தது, எல்லை தாண்ட அவசரப்படவில்லை. கென்யாவின் ஜம்போஜெட்டும் உள்நாட்டில் ஆரம்பித்ததுதான், அதற்குப் பின்னால் கென்யா ஏர்வேஸ் இருந்தது.

கேள்வி: இரண்டு விமானத்தோடு தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஒன்று பழுதானால் அன்றைக்குப் பாதி அட்டவணை போய்விடும், ஒரு வாரம் உதிரிபாகம் சுங்கத்தில் மாட்டினால் பயணிகள் திரும்ப வர மாட்டார்கள். மூன்று விமானம், இரண்டுக்கு மட்டும் அட்டவணை, ஆறு மாத வாடகை டாலராகவே பாங்கில். இவ்வளவு இருந்தால் வாருங்கள், ரூட்டைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.