ஸ்டெல்லா யங் ‘தன்னம்பிக்கையின் சின்னம்’ என்ற பாராட்டை ஏன் மறுத்தார்?

சக்கர நாற்காலியில் இயங்கிய ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங், தம்மைத் தன்னம்பிக்கையின் சின்னம் என்று மற்றவர்கள் புகழ்ந்தபோது அதை ஏற்க மறுத்தது ஏன், பாராட்டுவதில் அப்படி என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். வாயால் பென்சில் பிடித்து வரையும் ஒரு சிறுமியின் படத்தை, அடியில் ஒரு பொன்மொழியோடு, என் வகுப்பறைப் பலகையில் பல ஆண்டுகள் ஒட்டி வைத்திருந்த ஆசிரியன் நான். அதே வகைப் படத்தைத்தான் அவர் தம் பேச்சில் உதாரணம் காட்டினார் என்பதால், இந்தக் கேள்விக்குத் தள்ளி நின்று பதில் சொல்ல என்னால் இயலாது.

ஸ்டெல்லா 1982-இல் விக்டோரியா மாநிலத்தின் ஸ்டாவெல் என்ற சிற்றூரில், எலும்புகள் எளிதில் முறியும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தார். பதினான்கு வயதில் ஊரின் கடைத்தெருவில் எந்தெந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி நுழைய முடியும் என்று கணக்கெடுத்தார். அவருடைய உரிமைப் போராட்டம் அங்கிருந்து தொடங்குகிறது. அடுத்த ஆண்டு, ஊர்க்காரர் ஒருவர் அவருக்குச் சாதனையாளர் விருது தரப் பரிந்துரைக்க விரும்பி வீட்டுக்கு வந்தபோது, எல்லாம் சரி, ஆனால் எங்கள் மகள் இதுவரை எதையும் சாதிக்கவில்லையே என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அது உண்மைதான் என்கிறார் ஸ்டெல்லா. பள்ளிக்குப் போனார், நல்ல மதிப்பெண் வாங்கினார், மாலையில் அம்மாவின் முடிதிருத்தும் கடையில் சிறு வேலை செய்தார், தொலைக்காட்சித் தொடர் பார்த்தார். இதில் எதற்கு விருது? ஒரு குழந்தையிடம் எதையும் எதிர்பார்க்காதவர்கள்தாம் அது காலையில் எழுந்து பள்ளிக்குப் போவதையே சாதனை என்பார்கள்.

பின்னர் அவர் மெல்பர்னில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது நடந்ததைத்தான், ஆசிரியன் என்பதாலோ என்னவோ, என்னால் மறக்க முடியவில்லை. பதினோராம் வகுப்பில் அவதூறுச் சட்டம் பற்றி இருபது நிமிடம் பாடம் நடத்திய பிறகு ஒரு மாணவன் கையை உயர்த்தி, மிஸ், உங்கள் பேச்சை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டான். சக்கர நாற்காலியில் வருபவர்கள் பள்ளியின் பெரிய அரங்கில் ஊக்கமூட்டிப் பேசிவிட்டுப் போவதை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் அவன். அப்படி ஒருவர் தனக்குப் பாடம் நடத்த வந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் மீது ஸ்டெல்லாவுக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படிக் காட்டி வைத்த எங்களைப் போன்றவர்கள் மீதுதான் இருந்திருக்க வேண்டும்.

ஊனமுற்றவர்களை மற்றவர்களுக்கு ஊக்கம் தரும் காட்சியாக்கும் இந்தப் பழக்கத்தை அவர் ‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’ (inspiration porn) என்று அழைத்தார். 2012-இல் எழுதிய கட்டுரையிலும், 2014 ஏப்ரலில் சிட்னியில் டெட்எக்ஸ் என்ற கருத்தரங்க மேடையில் நிகழ்த்திய உரையிலும் அதை விளக்கினார். ஆபாசப் படங்களைக் குறிக்கும் ‘போர்ன்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்தினார், ஏனென்றால் ஒரு சாராரின் உடலை இன்னொரு சாராரின் பயனுக்காகக் காட்சிப்பொருளாக்குவதே இங்கும் நடக்கிறது. அந்தப் படத்தைப் பார்ப்பவர், என் நிலைமை எவ்வளவு மோசமானாலும் இவரைவிடப் பரவாயில்லை என்று ஆறுதல் கொள்கிறார். அப்படியானால் அந்த ‘இவர்’ நானாக இருந்தால் என்ன செய்வது என்பதே ஸ்டெல்லாவின் கேள்வி. மனப்பான்மை சரியாக இருந்தால் போதும் என்ற பொன்மொழிக்கு, படிக்கட்டைப் பார்த்து எவ்வளவுதான் சிரித்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை என்று பதில் சொன்னார்.

இது எனக்குப் புத்தக அளவில் புரிந்த விஷயம் அன்று. சிறு வயதில் போலியோ வந்த என் சித்தியை ஒரு வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்றபோது, வாசலில் மூன்று படிகள் இருந்ததால் அதிகாரி ஒருவர் தாளோடு தெருவுக்கு வந்து கையெழுத்து வாங்கினார். உங்கள் தன்னம்பிக்கை எங்களுக்கெல்லாம் ஒரு பாடம் மேடம் என்று மனதார வாழ்த்தினார். சித்தி சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். ஆட்டோவில் ஏறிய பிறகு, “பாடம் படிச்சவரு ஒரு சாய்தளம் கட்டக் கூடாதாடா?” என்றார்.

ஆங்கிலத்தில் தம்மை ‘டிஸேபிள்ட்’ என்று சொல்லிக்கொள்வதையே ஸ்டெல்லா விரும்பினார். உடலைவிடச் சமூகமே தம்மை அதிகம் முடக்குகிறது என்று அவர் கருதியதால், அந்தச் சொல்லை ‘முடக்கப்பட்டவர்’ என்று செயப்பாட்டுவினையில் படித்தால் அவர் கருத்து விளங்கும். நாம் மரியாதை கருதி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லுக்கு வந்தோம். பழைய வசைச் சொற்களைவிட அது எவ்வளவோ மேல், ஆனால் முடக்கியது யார் என்ற கேள்வி அதில் இல்லை.

அவரை வெறும் பேச்சாளராக நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்திய ‘ராம்ப் அப்’ என்ற இணைய இதழை, 2014-இல் நிதி நின்று அது மூடப்படும் வரை, ஆசிரியராக இருந்து நடத்தினார். அதே ஆண்டு மெல்பர்ன் நகைச்சுவை விழாவில் தனிநபர் நிகழ்ச்சி நடத்திச் சிறந்த புதுமுகத்துக்கான விருதைப் பெற்றார்; அந்த விருதை அவருடைய அம்மாவும் அப்பாவும் மறுத்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 6 அன்று, 32 வயதில், எதிர்பாராமல் இறந்தார்.

ஊக்கம் என்ற சொல்லையே அவர் வெறுத்தார் என்று சிலர் எழுதுவது தவறு. ஊனத்தை வென்றுவிட்டார்கள் என்பதற்காக அன்றி, தம்மைப் போன்றவர்கள் அன்றாடம் கண்டுபிடிக்கும் உத்திகளுக்காக அவர்களிடம் தினமும் கற்றுக்கொள்வதாகச் சொன்னார்: சக்கர நாற்காலியின் பேட்டரியில் கைப்பேசிக்கு மின்னேற்றுவது, கீழே விழுந்த பொருளை இறைச்சி சுடும் இடுக்கியால் எடுப்பது. படத்தைப் பலகையிலிருந்து எடுத்த வாரம் இதைச் சித்தியிடம் சொன்னேன். அவர் கட்டிலுக்கடியில் விழும் ரிமோட்டைக் கொடிக்கம்பால் தள்ளித் தள்ளி எடுப்பவர். அந்த இடுக்கி எவ்வளவு நீளம் இருக்கும் என்று விசாரித்துவிட்டு, ஒன்று வாங்கி வரச் சொன்னார்.