பிரான்ஸில் கார்ப் பயணம்: எந்த மாதம், எந்த வழி? (வாசகர் கேள்வி–பதில்)

பிரான்ஸில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றுவது பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. கையில் பன்னிரண்டு நாள். பாரிஸில் இறங்கி அங்கேயே கார் எடுத்து, ஆல்ப்ஸ் மலை மேலேயே நீஸ் வரை போகும் ‘ரூட் தே கிராந்த் ஆல்ப்’ பாதையில் ஓட்ட ஆசை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய கை. சரிப்படுமா?
— வாசகர், குன்னூர்

பதில்: கை சரி, மாதம்தான் சரியில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள தோனோன் ஊரில் தொடங்கும் அந்தப் பாதை சுமார் 700 கி.மீ. நீளம். வழியில் கலிபியே கணவாய் 2,642 மீட்டர், இசெரான் கணவாய் 2,764 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். நமக்கு அந்த உயரத்தில் உறைபனி விழும், வெயில் ஏறினால் போய்விடும். அங்கே, 45 டிகிரி வடக்கில், ஆள் உயரத்துக்கு மேல் பனி குவிந்து கிடக்கும். அக்டோபர், நவம்பரில் மூடும் சாலையை மே கடைசியிலோ ஜூனிலோதான் பனியை வெட்டித் திறப்பார்கள். கணவாய்க்கு ஏறும் அடிவாரத்திலேயே திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பலகை இருக்கும். அதுவரை போய்த் திரும்பி வந்தால் அரை நாள் போய்விடும்.

மே மாதத்துக்கு எங்கள் சிபாரிசு, கிரெனோபிளிலிருந்து தெற்கே இறங்கும் ‘என் 85’ (N 85) நெடுஞ்சாலை. நெப்போலியன் 1815 மார்ச் 1 அன்று கோல்ஃப்-ஜுவான் கடற்கரையில் இறங்கி கிரெனோபிள் வரை படையோடு ஏறிப்போன வழி என்பதால் ‘ரூட் நெப்போலியன்’ என்று பெயர். அவர் வந்த வழியில் நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். இதன் உயரமான இடங்களில் ஒன்றான பயார் கணவாயே சுமார் 1,250 மீட்டர்தான். உங்கள் குன்னூரை விடத் தாழ்வு. மே மாதத்தில் பனி பயமில்லை.

பாரிஸில் கார் எடுக்க வேண்டாம். நகரத்துக்குள் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு 30 கி.மீ.; பார்க்கிங் கொள்ளை விலை; ஊரைத் தாண்டுவதற்கே தனிப் பொறுமை வேண்டும். அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரத்தில் கிரெனோபிள் போய், ஸ்டேஷன் பக்கத்திலேயே காரை வாங்கிக்கொள்ளுங்கள். விமானக் களைப்போடு பழகாத பக்கத்தில் முதல் நாளே 570 கி.மீ. ஓட்டுவதும் தப்பும். நீஸில் காரை விட்டுவிட்டு ரயிலிலோ விமானத்திலோ பாரிஸ் திரும்பலாம். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் கிரெனோபிள்–காப், சுமார் 105 கி.மீ. இரண்டாம் நாள் சிஸ்தெரோன், தீஞ் வழியாகக் கஸ்தெல்லான், சுமார் 145 கி.மீ. அங்கே இரண்டு இரவு தங்குங்கள். வெர்தோன் பள்ளத்தாக்கை ஒட்டி முஸ்தியே வரை போகும் டி 952 சாலைக்கும், லா பாலு ஊரிலிருந்து பாறை விளிம்பிலேயே சுற்றிவரும் ‘ரூட் தே கிரெத்’துக்கும் ஒரு முழு நாள் தேவை. அந்த வளையத்தில் ஒரு பகுதி ஒருவழிப் பாதை. பாதியில் மனம் மாறித் திரும்ப முடியாது. பெட்ரோல் போட்டுக்கொண்டு நுழையுங்கள். பிறகு கிராஸ் வழியாகக் கடற்கரை.

ஓர் எச்சரிக்கை. கிரெனோபிளுக்குத் தெற்கே விசீய்–லாஃப்ரே இடையே உள்ள சரிவு மிகச் செங்குத்தானது. பல கிலோமீட்டருக்கு இடைவிடாத இறக்கம். பிரேக் ஆற நேரமே கிடைக்காது. 2007-இல் யாத்திரிகர்கள் வந்த பேருந்து அங்கே கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். தெற்கே போகும் உங்களுக்கு அது ஏற்றம்தான். வடக்கே திரும்பி வருவதாக இருந்தால் லாஃப்ரேயில் இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். பர்லியாறு இறக்கத்தில் செய்வதுதான். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

கேள்வி: டோல் கட்டணம் அதிகம் என்கிறார்கள். மேப்பில் ‘டோல் வேண்டாம்’ என்று வைத்துவிட்டு ஓட்டலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: பயணம் முழுவதற்கும் அப்படி வைத்தால் நொந்துபோவீர்கள். டோல் சாலையான ‘ஓட்டோரூட்’டில் வரம்பு 130 கி.மீ., மழையில் 110. சாதாரண இருவழிச் சாலையில் பொதுவாக 80, ஊருக்குள் 50. பத்து நிமிடத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு இரண்டு ரவுண்டானா. திட்டம் போடும்போது ஓட்டோரூட்டில் மணிக்கு 100 கி.மீ., சிறு சாலையில் 55, மலையில் 35 என்று கணக்கு வையுங்கள். 400 கி.மீ. தாண்ட வேண்டிய நாளில் டோல் கொடுங்கள். பார்க்க வந்த பகுதிக்குள் வந்துவிட்டால் அதை விட்டு இறங்குங்கள். வாரத்துக்கு ஒரு பகுதி போதும். ஒரே பயணத்தில் நார்மண்டி, லுவார், ஆல்ப்ஸ், நீஸ் என்று அடுக்குகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தார் ரோட்டைத்தான்.

இலவசமாகவே நல்ல சாலைகளும் உண்டு. பிரித்தானி பகுதியில் டோலே கிடையாது. வியர்சோனிலிருந்து பிரீவ் வரை ஏ 20 இலவசம். கிளேர்மோன்-ஃபெரானிலிருந்து பெசியே வரை சுமார் 340 கி.மீ. போகும் ஏ 75-உம் இலவசம். 2004-இல் திறந்த மியோ பாலத்துக்கு மட்டும் கட்டணம். தூண் மேல் நிற்கும் கம்பத்தையும் சேர்த்தால் சுமார் 340 மீட்டர் உயரமுள்ள பாலம் அது. அந்தக் காசு வீணாகாது. தெற்கே போக ரோன் பள்ளத்தாக்கு நெரிசலை விட ஏ 75 எவ்வளவோ மேல்.

சாவடியில் ஆரஞ்சு நிற ‘டி’ எழுத்து மட்டும் உள்ள தடம், நம் ஃபாஸ்டேக் போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு. அதில் நுழைந்தால் பின்னால் வண்டி நிற்கும், ரிவர்ஸ் எடுக்க முடியாது. பச்சை அம்புக்குறியோ கார்டு படமோ உள்ள தடத்துக்குப் போங்கள். பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ 13, ஏ 14-இல் சாவடியே இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களே கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் வாடகைக் கம்பெனிக்குப் போகும். அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள்.

கேள்வி: நம் லைசென்ஸ் செல்லுமா? வலப்பக்கம் ஓட்டுவதில் எங்கே தப்பு நடக்கும்?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். கிளம்பும் முன் ஆர்டிஓவில் வாங்கிவிடுங்கள். அது தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸும் பையில் இருக்க வேண்டும். கார் எடுக்கும்போது டெபாசிட்டுக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள். அது வாடகை கூட.

கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை நம்முடையதேதான். கியர் மட்டும் வலது கையில். இண்டிகேட்டர் இடது பக்கக் கம்பியில் இருக்கும். நம் கார்களில் பலவற்றில் அது வலது. முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆடும். அதை விடப் பெரிய சிக்கல், வலது ஓரத்துக்கு ஒதுங்கிப்போவது. வலது இருக்கையில் உட்கார்ந்து பழகிய கண், காரின் வலது பக்கம் இன்னும் ஒரு மீட்டர் இருப்பதை மறந்துவிடும். நடைபாதைக் கல்லில் டயரின் பக்கவாட்டு கிழியும். இடது கண்ணாடியில் நடுக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

எதிர்ப்பக்கம் ஏறிவிடுவது நெரிசலில் நடக்காது. காலையில், ஆளில்லாத சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும் அந்த அரை நிமிடத்தில்தான் நடக்கும். பக்கத்தில் இருப்பவர் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஊருக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்புறச் சின்னச் சந்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. நிற்காமல் வருவார். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் உரிமை உங்களுடையது. அதன் மேல் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது முடிந்தது. ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்ற வேண்டும். இடப்புறம் பார்த்து, உள்ளே இருப்பவருக்கு வழி விட்டு நுழையுங்கள்.

மலையில் ஒன்று கவனம். நமக்கு இடப்புறக் கொண்டை ஊசி வளைவு குறுகல், வலப்புறம் விசாலம். அங்கே தலைகீழ். வலப்புற வளைவை அகலமாக எடுத்தால்தான் பின்சக்கரம் ஓரத்தில் ஏறாது. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கும் பழக்கம் அங்கே இல்லை. எதிரில் வருபவர் அடிப்பார் என்று நம்பாதீர்கள். குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது நம் ஊரைப் போலவேதான்.

கேள்வி: மகள் லியோனில் இருக்கிறாள். ஆகஸ்டில் வரச் சொல்கிறாள். அது நல்ல மாதமா?
— வாசகி, உதகை

பதில்: கணவாய்களுக்கு நல்ல மாதம், ஓட்டோரூட்டுக்கு மோசமான மாதம். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் லியோனுக்குத் தெற்கே ஏ 7 ஊர்ந்துதான் போகும். ‘பீசோன் ஃபுத்தே’ என்ற அரசுச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று முன்கூட்டியே நெரிசல் நிறம் குறிக்கிறது. கறுப்பு நாளில் காரைத் தொடாதீர்கள். செவ்வாய், புதன் நல்லது. ஞாயிறும் பரவாயில்லை, சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை பெரும்பாலான கனரக லாரிகளுக்குத் தடை.

குன்னூர் வாசகர் கேட்ட பாதை உங்களுக்குத்தான் பொருந்தும்: பூர்-சான்-மொரீஸ், இசெரான், கலிபியே, பிரியான்சோன், இசுவார், வார்ஸ், பார்செலோனெத், பிறகு நீஸ். ஐந்து நாள் வையுங்கள். சைக்கிள்காரர்கள் நிறைய, ஊருக்கு வெளியே அவர்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுவது சட்டம்.

கேள்வி: பெட்ரோல், டீசல் பெயர் அங்கே வேறாமே?
— வாசகர், பண்ணைக்காடு

பதில்: ஆம். ‘கசோல்’ என்றால் டீசல். ‘எஸ்பி 95’, ‘எஸ்பி 98’ இரண்டும் பெட்ரோல். எழுத்து புரியாவிட்டால் வடிவத்தைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ‘இ5’ அல்லது ‘இ10’ பெட்ரோல், சதுரத்துக்குள் ‘பி7’ டீசல். காரின் மூடிக்குள்ளும் அதே குறி ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் ‘இ85’ என்றிருந்தால் எத்தனால் கலவை. வாடகைக் காரில் ஊற்றாதீர்கள். சூப்பர் மார்க்கெட் பங்கில் விலை குறைவு, ஓட்டோரூட்டில் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பங்குகளில் ஆள் இருக்காது. மெஷினில் கார்டும் பின் எண்ணும் போட வேண்டும். முதலில் நூறு யூரோவுக்கு மேல் பிடித்துவைத்து, பிறகு போட்ட அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். சில மெஷின்கள் நம் கார்டை ஏற்காது. அதனால் சனிக்கிழமை மாலையே டேங்கை நிரப்பிவிடுங்கள்.