நீங்கள் என்ன சொன்னீர்கள்?

கேள்வி: நானும் என் நண்பனும் 30 வருடப் பழக்கம். தினமும் போனில் கிரிக்கெட், அரசியல், விலைவாசி என்று பேசித் தீர்ப்போம். அடுத்தவர் வீட்டு விஷயத்தை அவன் என்னிடம் சொன்னதே கிடையாது, அவ்வளவு நம்பிக்கையானவன். ஆறு மாதத்துக்கு முன் அவன் அப்பா தவறிவிட்டார். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "இருக்கேன்டா" என்பதோடு சரி. மனம் விட்டுப் பேசவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் எதையெல்லாம் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று ஒரு வரிகூட இல்லையே! உங்கள் கடன், உங்கள் பயம், ராத்திரி தூக்கம் வராமல் புரண்ட நாள், எதையாவது அவர் காதில் போட்டிருக்கிறீர்களா? நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் வீட்டுக் கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமே இல்லாதவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். முதல் கேள்வி, உலகத்தில் யாரை வேண்டுமானாலும் விருந்துக்குக் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பது. போகப்போக, கடைசியாக இன்னொருவர் முன்னால் எப்போது அழுதீர்கள் என்பது வரை போகும். எல்லாம் முக்கால் மணி நேரம்தான். சும்மா பொதுவாகப் பேசிவிட்டுப் போன ஜோடிகளைவிட இவர்களுக்குள் நெருக்கம் கூடியிருந்தது. இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது கேள்விகளை அல்ல. ஒருவர் கேட்க மற்றவர் சொல்வது என்று அங்கே இல்லை; இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழத்துக்கும் போனார்கள்.

என் அப்பா இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் "மனசைத் தேத்திக்கோ", "கஷ்டப்படாம போய்ட்டார்" என்றார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனால் அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? தலையாட்டினேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நண்பன் வந்தான். காபி குடித்துக்கொண்டே, "அப்பா சட்டையெல்லாம் என்ன பண்ணினே?" என்று கேட்டான். அந்த பீரோவை நான் அதுவரை திறக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவன் அழுதுவிட்டேன். அவன் சமாதானம் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, அவனுடைய அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இன்னும் தன் மேஜை டிராயரில் இருப்பதாகச் சொன்னான். இருபது வருடமாகப் பழகியவன். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும்.

"எப்படி இருக்கே?" என்றால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கேள்வி அவ்வளவு பொதுவானது. போனிலும் இது நடக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து விசாரிக்காமல், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நடை போய் வாருங்கள். பக்கத்தில் நடக்கிறவரிடம் பேசுவது சுலபம். முதலில் உங்கள் கதை ஒன்றைச் சொல்லுங்கள், இதுவரை அவரிடம் மறைத்ததை. அப்புறம் அவர் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். கடைசி நாட்களில் என்ன பேசினார், யாரைத் தேடினார் என்று.

அவர் உடனே வாய் திறக்க மாட்டார். அப்போது நீங்கள் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.