நேர்கோட்டு முடுக்கம், கோண முடுக்கம்: இரண்டையும் இணைத்துக் கணக்குப் போடுவது எப்படி?

வேகமோ அதன் திசையோ நொடிக்கு நொடி எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். சுழலும் வேகம் அப்படி மாறினால் அது கோண முடுக்கம். ஒரு கதவைத் தள்ளிப் பாருங்கள், கீல் பக்கமும் கைப்பிடிப் பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே கோணம்தான் திரும்புகின்றன, ஆனால் கீலிலிருந்து தள்ளி இருப்பதால் கைப்பிடி கடக்கும் தூரம் அதிகம். அதனால்தான் கோண முடுக்கத்தை ஆரத்தால், அதாவது சுழலும் மையத்திலிருந்து உள்ள தூரத்தால், பெருக்கினால் நேர்கோட்டு முடுக்கம் வந்துவிடுகிறது.

சரி, கணக்கு. 0.3 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் நின்ற நிலையிலிருந்து வழுக்காமல் சீரான முடுக்கத்தில் உருண்டு, 4 நொடியில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. 6-ஐ 4-ஆல் வகுத்தால் முடுக்கம் 1.5 மீ/நொடி², அதை 0.3-ஆல் வகுத்தால் கோண முடுக்கம் 5 ரேடியன்/நொடி². ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் ஓர் அலகு; அதற்குப் பதில் டிகிரியில் போட்டால் விடை தப்பு, பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், சீராகச் சுற்றினால் முடுக்கமே இல்லை என்று நினைக்காதீர்கள்: கோண முடுக்கம்தான் சுழியம், விளிம்புப் புள்ளி நகரும் திசை மாறிக்கொண்டே இருப்பதால் மையத்தை நோக்கிய முடுக்கம் அப்போதும் இருக்கும்.